பெயர் மாறட்டும், வழி தொலைய வேண்டாம்

108க்குப் போன் போட்டதும் மறுமுனையில் இருப்பவர் முக்கியமாகக் கேட்பது இரண்டு கேள்விகள். என்ன நடந்தது? எந்த இடம்? முதல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லிவிடுவார்கள். பாம்பு கடித்துவிட்டது, பிரசவ வலி, நெஞ்சு வலி, மின்சாரம் தாக்கிவிட்டது என்று நாலு சொல்லில் முடிந்துவிடும். இரண்டாவது கேள்விதான் நம் தெருக்களிலிருந்து பேசுகிறவர்களைத் திணற வைக்கிறது. உயிர் போகும் நேரத்தில் நாம் இருக்கும் இடத்தைச் சொல்ல நமக்கு ஒரு முகவரி இல்லை.

2025 ஏப்ரல் 29 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஒரு அறிவிப்பைச் செய்தார். 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்றார். அந்தச் சொல் வசைச்சொல்லாகவும் தீண்டாமையின் அடையாளமாகவும் ஆகிவிட்டது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அதே ஆண்டு அக்டோபரில் குடியிருப்புகள், தெருக்கள், நீர்நிலைகள் ஆகியவற்றின் சாதிப் பெயர்களை மாற்றுவதற்கான அரசாணையும் வந்தது. நாம் இதை மனதார வரவேற்கிறோம். ஆனால் பெயர் மாறும்போது கூடவே நடக்க வேண்டிய ஒரு காரியத்தைப் பற்றி யாரும் பேசுவதாகத் தெரியவில்லை. புதிய பெயர் அவசர அழைப்பை எடுப்பவரின் கணினியிலும் ஏற வேண்டும். ஏறாவிட்டால் பலகையில் இருக்கும் பெயர் ஆம்புலன்ஸுக்குத் தெரியாத பெயராகவே இருக்கும்.

குரலை மட்டும் வைத்துச் செய்யும் வேலை

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. ஆந்திரத்தில் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. இன்று மாநிலத்தில் 1,300க்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. வண்டியையும் ஓட்டுநரையும் உடன் வரும் மருத்துவ உதவியாளரையும் நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்த வண்டியைக் கிளப்பி அனுப்புகிறவரை நாம் யாரும் பார்த்ததில்லை. அவர் சென்னையில் இருக்கும் கட்டுப்பாட்டு மையத்தில், காதில் ஹெட்போனும் எதிரே கணினியுமாக உட்கார்ந்திருக்கிறார். கன்னியாகுமரியிலிருந்து வரும் அழைப்பும் கிருஷ்ணகிரியிலிருந்து வரும் அழைப்பும் அவரிடம்தான் வந்து சேர்கின்றன.

மாவட்டம், வட்டம், ஊர், அடையாளம் என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிய வேண்டும். பேசுகிறவர் அழுதுகொண்டிருக்கலாம், கத்திக்கொண்டிருக்கலாம், ஓடிக்கொண்டே பேசலாம். பின்னால் பத்துப் பேர் ஒரே நேரத்தில் சத்தம் போடலாம். அதற்குள் அவர் தேவையான நாலைந்து தகவல்களைப் பிரித்தெடுத்து, அருகில் எந்த வண்டி இருக்கிறது என்று பார்த்து, அதன் பணியாளர்களுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு அடுத்த அழைப்பு வந்துவிடும். முந்தைய அழைப்பில் பேசிய வீட்டில் ஆள் பிழைத்தாரா, இல்லையா என்பது அவருக்குப் பெரும்பாலும் தெரிய வராது.

இந்த வேலையில் கேட்டு எழுதுவதை விடவும் கடினமான ஒரு பகுதி இருக்கிறது. தான் பார்த்தே இராத ஒரு ஊரை, பதறிப்போன ஒருவர் சொல்லும் அரைகுறைச் சொற்களை வைத்து மனதுக்குள் வரைந்துகொள்ள வேண்டும். நகரத்தில் ஒரு சிக்னல், ஒரு பெரிய கடை, ஒரு திரையரங்கு என்று சொன்னால் போதும். கிராமத்தில் அது நடக்காது.

ஊரா, காலனியா?

இரவு பதினோரு மணி. தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த பெரியவரைக் கட்டுவிரியன் தீண்டிவிட்டது. கட்டுவிரியன் கடியில் வலி பெரிதாகத் தெரியாது என்பதால், கடித்த பிறகு தெரிந்துகொள்வதற்கே நேரமாகிவிடும். பேரன் 108ஐ அழைக்கிறான். பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும்.

"எந்த ஊருங்க?"

"புதூருங்க மேடம்."

"புதூர்னு நிறைய ஊர் காட்டுதுங்க. எந்த ஒன்றியம்?"

அவன் ஒன்றியத்தைச் சொல்கிறான்.

"பக்கத்துல கோயில், பள்ளிக்கூடம் ஏதாவது அடையாளம் சொல்லுங்க தம்பி."

"மாரியம்மன் கோயிலு இருக்குங்க. அங்கருந்து உள்ள வரணும்."

"கோயில் தெருவா?"

"இல்லீங்க... நாங்க காலனிங்க."

நம் வாசகர்களில் பலர் இந்தப் பேச்சைப் பேசியிருப்பார்கள். கேட்டவர் மீது குற்றமில்லை. அவர் சாதி கேட்கவில்லை, வழிதான் கேட்டார். ஆனால் நம் கிராமங்கள் எப்படிப் பிரிந்து கிடக்கின்றன என்றால், வழி சொல்ல வேண்டுமானால் சாதியைச் சொல்லியாக வேண்டும். தாத்தாவின் உயிரைக் காப்பாற்ற வண்டி கேட்கும் பையன், தான் யார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லத் தயங்கினால் வண்டி மாரியம்மன் கோயிலில் வந்து நிற்கும். அங்கிருந்து நம் தெருவுக்கு எப்படிப் போவது என்று, திண்ணையில் படுத்திருப்பவர்களை எழுப்பித்தான் ஓட்டுநர் கேட்க வேண்டும். நல்ல மனிதர் கிடைத்தால் கை காட்டுவார். இல்லையென்றால் பேரனே பைக்கை எடுத்துக்கொண்டு ஓடி வந்து அழைத்துப்போக வேண்டும். பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து ஒன்றுதான் வழி. இந்தியாவில் 2000க்கும் 2019க்கும் இடையில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். இந்த இறப்புகளில் பெரும்பகுதி கிராமங்களில்தான். இப்படிப்பட்ட இடத்தில் பத்து நிமிடம் என்பது சின்ன நேரமில்லை.

ஏன் இப்படி ஆகிறது? வருவாய் கிராமத்தின் பெயர் ஊரின் பெயர். பேருந்து நிறுத்தம், தபால் நிலையம், கூட்டுறவுச் சங்கம், கோயில் என்று அடையாளம் சொல்லத் தகுந்தவை எல்லாம் பெரும்பாலும் ஊருக்குள் இருக்கின்றன. வரைபடத்தில் குறிக்கப்படும் புள்ளியும் அங்கேதான் விழுகிறது. நம் பக்கம் என்ன இருக்கிறது? ஒரு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, ஒரு தொகுப்பு வீட்டு வரிசை, கம்பிக் கூண்டுக்குள் நிற்கும் அம்பேத்கர் சிலை. நாமே மரியாதையோடு வைத்துக்கொண்ட பெயர்களும் ஒரு சிக்கலைத் தருகின்றன. அம்பேத்கர் நகர் என்று ஒரு வட்டத்திலேயே பல இருக்கும். பெயரை மட்டும் சொன்னால் கணினிக்கு எது எந்த நகர் என்று தெரியாது.

நிலத்தை அளந்தவர்களுக்கு நம் இடம் தெரியாமல் இருந்ததில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளைப் படித்துப் பாருங்கள். ஊர்களின் நிலத்தைக் கணக்கெழுதும்போது ஊர்நத்தம், பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி என்று தனித்தனியாகக் குறித்து, வரி இல்லாத நிலமாகக் கழித்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வரிக்கணக்குக்கு நம் குடியிருப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது தெரிந்திருந்தது. இன்றைக்கும் வாக்குச்சாவடிப் பட்டியலுக்குத் தெரிகிறது, மின்கட்டணத்துக்குத் தெரிகிறது. ஆம்புலன்ஸுக்கு மட்டும் ஏன் தெரியக் கூடாது?

செல்பேசியே இடத்தைக் காட்டிவிடாதா என்று மாணவர்கள் கேட்கலாம். இணைய வசதியுள்ள போனில் அது ஓரளவு நடக்கும். நம் வீடுகளில் பெரியவர்கள் கையில் இன்னும் பட்டன் போன்தான் இருக்கிறது. அந்தப் போனை வைத்து எந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் ஆள் இருக்கிறார் என்று பொதுவாகத்தான் சொல்ல முடியும். கிராமத்தில் ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் பல ஊர்கள் அடங்கிவிடும். அதனால்தான் வாயால் சொல்லும் முகவரி இன்னும் தேவைப்படுகிறது.

அமெரிக்காவிலும் இதே கதை

கிராமத்துக்கு முகவரி கொடுப்பது நம் நாட்டில் மட்டும் எழுந்த பிரச்சினை இல்லை. அமெரிக்காவில் 911 என்ற அவசர எண்ணின் முதல் அழைப்பு 1968 பிப்ரவரி 16 அன்று நடந்தது. நடந்த இடம் நியூயார்க் இல்லை, அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் என்ற சிற்றூர். சோதனை அழைப்பாகப் பேசியவர் மாநிலச் சபாநாயகர் ராங்கின் ஃபைட். காவல் நிலையத்தில் போனை எடுத்தவர் நாடாளுமன்ற உறுப்பினர் டாம் பெவில். அவருக்கு அருகில் நின்றவர்களில் ஒருவர் யூஜின் 'புல்' கானர். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, 1963இல், பர்மிங்காம் நகரில் உரிமை கேட்டு ஊர்வலம் வந்த கறுப்பினச் சிறுவர் சிறுமியர் மீது காவல் நாய்களையும் தீயணைப்புக் குழாய்களையும் ஏவிய அதிகாரி அவர்தான். அவசரத்துக்கு அழையுங்கள் என்று ஒரு எண்ணைத் திறந்து வைத்த அறையில் அவரும் இருந்தார். எண் எல்லாருக்கும் பொது என்று அறிவிப்பது எளிது. அந்த எண்ணை அழைக்கும் ஒவ்வொருவரிடமும் உதவி வந்து சேர்கிறதா என்பது தனிக் கேள்வி.

911 வந்த பிறகு அந்நாட்டுக் கிராமங்களிலும் நம்முடைய சிக்கல்தான் எழுந்தது. மேற்கு வர்ஜீனியா போன்ற மலைப்பாங்கான மாநிலங்களில் பல வீடுகளுக்குத் தெருப் பெயரும் கதவு எண்ணும் இல்லை. தபால்காரருக்கு வீடு தெரியும், வெளியூர் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்குத் தெரியாது. 2000க்குப் பிறகு அம்மாநிலம் இதை ஒரு திட்டமாகவே எடுத்துக்கொண்டு, பெயரில்லாத சாலைகளுக்குப் பெயரும் வீடுகளுக்கு எண்ணும் கொடுத்தது. அவசர அழைப்பை எடுப்பவருக்காகவே ஒரு மாநிலம் முகவரிகளை உருவாக்கியது. நம் அரசு பெயர்களை மாற்றும் வேலையை இப்போதே கையில் எடுத்திருக்கிறது. அதே கையோடு இதையும் செய்துவிட முடியும்.

இன்னொரு செய்தியையும் நம் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பிட்ஸ்பர்க் நகரில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹில் பகுதிக்கு ஒழுங்கான ஆம்புலன்ஸ் வராது. போலீஸ் வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போவார்கள். 1967இல் அந்தப் பகுதியிலிருந்தே வேலையில்லாத கறுப்பின இளைஞர்களைச் சேர்த்து, பீட்டர் சஃபார் என்ற மருத்துவரின் வழிகாட்டுதலில் ஏறத்தாழ 300 மணி நேரம் பயிற்சி கொடுத்து, ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவை தொடங்கப்பட்டது. வண்டிக்குள்ளேயே உயிர் காக்கும் சிகிச்சை கொடுக்கும் முறைக்கு அவர்கள்தான் அந்நாட்டில் முன்னோடிகள். 1975இல் நகர நிர்வாகம் தன் சொந்த ஆம்புலன்ஸ் சேவையைக் கொண்டுவந்தபோது ஃப்ரீடம் ஹவுஸை மூடியது. அந்த இளைஞர்களில் பலர் புதிய அமைப்பிலிருந்து ஓரங்கட்டப்பட்டார்கள். வேலையைக் கட்டி எழுப்பியவர்கள் ஒருவர், பலனை அனுபவித்தவர்கள் வேறு ஒருவர். நமக்குப் பழக்கமான கதைதான்.

போனை எடுப்பவரும் தொழிலாளிதான்

அழைப்பை எடுப்பவரைத் திட்டுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. 'எத்தனை தடவைதான் கேட்பீங்க, வண்டிய அனுப்புங்க முதல்ல' என்று கத்துகிறோம். பதற்றத்தில் வரும் கோபம் இயல்பு. ஆனால் அவர் திரும்பத் திரும்பக் கேட்பது வண்டி கோயிலில் நின்றுவிடாமல் நம் வாசலுக்கு வர வேண்டும் என்பதற்காகத்தான். விளையாட்டுக்காக அழைப்பவர்களையும் குடித்துவிட்டு ஆபாசமாகப் பேசுகிறவர்களையும் சகித்துக்கொண்டே, அடுத்த அழைப்பில் நம் குரலை அவர் கேட்கிறார். 108 பணியாளர்கள் நிரந்தர அரசு ஊழியர்கள் இல்லை. வேலை நேரத்துக்காகவும் ஊதியத்துக்காகவும் போனஸுக்காகவும் ஆம்புலன்ஸ் தொழிலாளர்கள் பலமுறை போராடியிருக்கிறார்கள். அமெரிக்காவிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. அங்கே அரசின் தொழில் வகைப்பாட்டில் 911 அழைப்பை எடுப்பவர்கள் அலுவலக எழுத்தர்களோடு சேர்த்தே வைக்கப்பட்டிருக்கிறார்கள். காவலர், தீயணைப்பு வீரர் வரிசையில் தங்களை வைக்க வேண்டும் என்று அவர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டு வருகிறார்கள். அழுகுரல்களையே நாளெல்லாம் கேட்கும் மனிதருக்கும் மனம் நோகும். அவர்களின் கோரிக்கைகளும் நம் கோரிக்கைகளே.

நம் பிள்ளைகள் இந்த வேலைக்குப் போக வேண்டும். தெளிவாகப் பேசவும் பொறுமையாகக் கேட்கவும் விரைவாகத் தட்டச்சு செய்யவும் தெரிந்த பட்டதாரிகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். 'நாங்க காலனிங்க' என்ற சொல்லுக்கு முன்னால் வருகிற அந்தத் தயக்கத்தின் பொருள் அவர்களுக்கு விளக்காமலே புரியும்.

நாம் செய்ய வேண்டியவை

பெயர் மாற்றத்தை அதிகாரிகளின் மேசையில் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்க முடியாது. ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கிராம சபையில் நாம் நான்கு தீர்மானங்களைக் கேட்க வேண்டும்.

முதலாவது, நம் குடியிருப்புக்கான பெயரை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். அது அந்த ஒன்றியத்தில் வேறு எங்கும் இல்லாத பெயராக இருக்க வேண்டும். தலைவர் பெயர்தான் வேண்டும் என்றால் ஊராட்சிப் பெயரையும் சேர்த்தே பதிவு செய்யலாம்.

இரண்டாவது, பெயர்ப் பலகை நம் தெருவுக்குள் மட்டும் நின்றால் போதாது. முதன்மைச் சாலையிலிருந்து நம் பக்கம் திரும்பும் இடத்தில், இரவில் விளக்கு வெளிச்சத்தில் தெரியும்படி, அம்புக்குறியோடு நிற்க வேண்டும். அந்தப் பலகை இருந்தால் ஓட்டுநர் யாரையும் எழுப்பிக் கேட்க வேண்டியதில்லை.

மூன்றாவது, புதிய பெயரும் பழைய பெயரும் குடியிருப்பின் சரியான இருப்பிடமும் 108 மையத்துக்கும் காவல், தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறைகளுக்கும் எழுத்துப்பூர்வமாக அனுப்பப்பட வேண்டும். பழைய பெயர் ஆவணத்திலிருந்து போகட்டும். ஆனால் பதற்றத்தில் எண்பது வயதுப் பாட்டி வாயில் பழைய பெயர்தான் வரும். அதைச் சொன்னாலும் வண்டி சரியான இடத்துக்கு வரும்படி கணினியில் இரண்டையும் இணைத்து வைக்க வேண்டும். அனுப்பியதற்கான ஒப்புகையை ஊராட்சி செயலரிடம் கேட்டு வாங்குங்கள்.

நான்காவது, வண்டி உள்ளே வந்து திரும்பிப் போகும் அகலத்தில் சாலையும் தெருவிளக்கும் வேண்டும். முகவரி சரியாக இருந்தும் ஓடையின் அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் நின்றுவிட்டால் பயனில்லை.

இது காவல் துறைக்கான அழைப்புக்கும் பொருந்தும். நம் தெருவில் தாக்குதல் நடக்கும்போது 100 அல்லது 112ஐ அழைக்கிறோம். வண்டி ஊருக்குள் போய் வழி கேட்கும் நிலை இருந்தால், சில நேரம் தாக்கியவர்களிடமே வழி கேட்பதாக முடியும். வன்கொடுமை தொடர்பான புகாருக்கும் உதவிக்கும் 14566 என்ற தேசிய உதவி எண் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. அதையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். எந்த எண்ணை அழைத்தாலும் அழைத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியர் மீது நடவடிக்கை எடுக்க 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இடம் தருகிறது. அப்போது அழைத்த நேரம் நமக்குச் சாட்சியாக நிற்கும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. விடுமுறை நாளில் நாலு பேர் சேர்ந்து நம் தெருவின் வரைபடத்தை வரையுங்கள். முதன்மைச் சாலை, திருப்பம், தண்ணீர்த் தொட்டி, சிலை, வண்டி நிற்கக்கூடிய இடம் எல்லாவற்றையும் குறியுங்கள். பிறகு அதை ஐந்து வரியில் எழுதுங்கள். மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, குடியிருப்பின் பெயர், எந்தச் சாலையில் எந்த இடத்தில் திரும்ப வேண்டும். அந்த ஐந்து வரியைப் பெரிய எழுத்தில் ரேஷன் கடைச் சுவரிலும் அங்கன்வாடிச் சுவரிலும் ஒட்டுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு மனப்பாடம் ஆகும்வரை சொல்லிக் கொடுங்கள். எண்ணை அழைத்துப் பார்த்துப் பழக வேண்டாம். அந்த நேரத்தில் வேறு யாரோ ஒருவர் உண்மையாக அழைத்துக்கொண்டிருப்பார்.

அரசிடம் நாம் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் திட்டம் இல்லை. மாற்றப்படும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரி, அவசர அழைப்பு மையத்தின் கணினியில். பெயர் மாற்ற ஆணையில் கையெழுத்திடும் மாவட்ட நிர்வாகம் அந்த வரியையும் எழுதிவிட்டுத்தான் கோப்பை மூட வேண்டும். பலகையைத் திறந்து வைக்க வரும் அமைச்சரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் மாலை போடுவதற்கு முன்பு நாம் கேட்க வேண்டியதும் இதுதான்: இந்தப் பெயர் 108க்குத் தெரியுமா?